சகலை தைத்த கைக்கூடு

கொத்தனார் தன் சகலைக்குத் தர வேண்டியிருந்த பாக்கி ஒன்பதாயிரத்து நானூற்று எழுபது. ஒன்பதாயிரத்து நானூறு சரி. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கக் கைமாற்றாக வாங்கியதில் கட்டியது போக மிச்சம். அந்த எழுபது எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனால் கேட்கிறபோதெல்லாம் சகலை அந்த எழுபதையும் விடாமல் சேர்த்தே சொல்வார்.

சகலை என்பவர் கொத்தனார் மனைவியின் தங்கை புருஷன். லாரிக்குத் தார்ப்பாயும் பஸ்ஸுக்கு சீட் உறையும் தைக்கிற தையல்காரர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அடுத்த தெரு. குளிர் தொடங்கிய வாரத்தில் அவர் கொத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கொத்தனார் உள்ளதைச் சொன்னார். இந்தக் குளிரில் அரைக்கூலிதான் கைக்கு வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"குளிர் உங்களுக்கு மட்டும் தனியா அடிக்குதா சகலை? என் தெருவுலயும் அதே குளிர்தான்" என்றார் தையல்காரர். "ஏரியில உறையற பனி உடையறதுக்குள்ள பணம் வரணும். வரலைன்னா வண்டியைக் கொண்டாந்து கடையில விட்டுடுங்க."

அன்றோடு இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றுபோனது. அக்காளும் தங்கையும் மட்டும் எப்போதும்போல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அங்கும் இங்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

வண்டி போனால் வேலையும் போகும். கொத்தனாருக்கு அதில் சந்தேகமே இல்லை. வேலை ஏரிக்கு அக்கரையில். புதிதாக ஒரு மருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தது. பஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆள் கணக்கு எடுத்து முடித்துவிடுவார்கள். ஏரியின் குறுக்கே நீளமாக ஒரு பாலம் உண்டு. அதில் பஸ் போகாது, மோட்டார் சைக்கிள் போகும். அந்தப் பாலத்தில்தான் காற்று குடியிருந்தது.

ஊருக்குள் அடிக்கிற குளிர் ஒன்று, பாலத்தில் அடிக்கிற குளிர் வேறு. ஊர்க்குளிர் சட்டைக்கு மேல் உட்காரும். பாலத்துக் குளிர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரும். முதலில் விரல் நுனி எரியும், அப்புறம் குத்தும், அப்புறம் ஒன்றும் இருக்காது. அக்கரை போய் இறங்கும்போது கைப்பிடியில் இருப்பது தன் விரல்கள் என்றே கொத்தனாருக்குத் தோன்றாது. யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி இருக்கும். கட்டடத்துக்குள் கலவை உறைந்துவிடக் கூடாது என்று டிரம்மில் நெருப்புப் போட்டு வைத்திருப்பார்கள். அதன் முன்னால் குந்தி அந்த இரவல் விரல்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் பொழுது நன்றாக ஏறிவிடும். மற்றவர்கள் ஒரு வரிசை செங்கல் வைத்து முடித்திருப்பார்கள்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். சுவர் கட்ட வந்தீர்களா, குளிர் காய வந்தீர்களா என்று கேட்பார். கேட்டுவிட்டு அரைநாள் என்று எழுதிக்கொள்வார். இப்படியே போனால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் ஒருநாள் காதில் போட்டுவைத்தார்.

கையுறை வாங்கிப் பார்த்தாயிற்று. கம்பளி ஒன்று, தோல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று. அந்தக் காற்றுக்கு அது சல்லடை. மனைவி நெஞ்சுக்குச் செய்தித்தாளை மடித்து மடித்துச் சட்டைக்குள் வைத்து அனுப்பினாள். நெஞ்சு பிழைத்தது. "உலகத்துச் சேதியெல்லாம் உங்க நெஞ்சுல இருக்கு, கை மட்டும் ஒண்ணும் தெரியாம நிக்குது" என்றாள்.

அப்போதுதான் கொத்தனாருக்கு அந்த யோசனை வந்தது. காற்று வராமல் மறிக்கத்தானே வேண்டும். மறிப்பதுதானே தன் பிழைப்பு.

வேலையிடத்தில் கழித்துப் போட்ட, கான்கிரீட்டுக்கு அடைக்கிற ஷட்டரிங் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, முன்விளக்குக்கு மேலே பலகையை நிற்க வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினார். பெயின்ட் வாளி இரண்டை அடிப்பக்கம் வெட்டிக் கைப்பிடிகளில் கவிழ்த்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்து வந்து பலகைமேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. கம்பியைத் தளர்த்தி மறுபடி முறுக்கினார். தூக்குக்குண்டையும் தொங்கவிட்டுப் பார்த்து, நூல் பிசகாமல் நேராக நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க, வண்டிக்கு மாடியும் உண்டா?" என்று கேட்டாள் மனைவி.

மறுநாள் பாலத்தில் ஏறும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. ஏறியதும் காற்று அந்தப் பலகையைக் கண்டது. இத்தனை நாளும் கொத்தனாரைக் குத்திக்கொண்டிருந்த காற்று இப்போது வண்டியையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. முன்சக்கரம் மண்ணில் சிக்கிய மாட்டு வண்டிபோல் திணறியது. கைப்பிடி ஒரு பக்கம் இழுத்தது, அவர் ஒரு பக்கம் இழுத்தார். பக்கவாட்டில் ஒரு அறை வந்தது. கைப்பிடிச் சுவர் சட்டென்று கிட்டே வந்துவிட்டது. முட்டி அதில் உரச, அந்தப் பக்கம் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. இறங்கி, வண்டியைப் பலகையோடு தள்ளிக்கொண்டே மிச்சப் பாலத்தையும் கடந்தார். அன்று அரைநாளும் இல்லை. மேஸ்திரி பலகையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரத்து ஓய்வு நாளில் கொத்தனார் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மனைவி பலகையையும் வாளிகளையும் அவிழ்த்து ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தெரியாதவர்போல் இருந்தார்.

அங்கே நடந்ததை அவள் வந்து சொன்னாள். தையல்காரர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கம்பி முறுக்கைத் தடவிப் பார்த்தாராம். கடைசியில், மனுஷன் சுவரைக் கட்டி ஓட்டிக்கிட்டுப் போயிருக்கார் என்று சொன்னாராம். சிரித்தாரா என்று கொத்தனார் கேட்டார். முதலில் சிரித்தார், முட்டி உரசியதைச் சொன்னதும் நிறுத்திவிட்டார் என்றாள்.

லாரித் தார்ப்பாய் தைக்கிறவருக்குப் பாலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் இல்லை. ஆனால் கிழிந்த தார்ப்பாய்கள் அவரிடம்தான் வரும். முன்பக்கம் நெட்டுக்குத்தாகக் கட்டிய தார்ப்பாய் மூலையிலிருந்து கிழிந்து வரும். சாய்த்துக் கட்டியது வருடக்கணக்கில் கிழியாது. காற்று எங்கே முட்டும், எங்கே வழுக்கிக்கொண்டு போகும் என்பதைக் கிழிசலைப் பார்த்தே பழகியவர் அவர்.

அடுத்த வாரம் சாக்கு திரும்பி வந்தது. மனைவிக்குத் தெரியாமல் அதைப் பிரித்துப் பார்க்க நினைத்தார் கொத்தனார். அவளோ கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையைக் காணோம். அதற்குப் பதில் நீலத் தண்ணீர் டிரம்மிலிருந்து அறுத்தெடுத்த ஒரு வளைந்த துண்டு. விளிம்பெல்லாம் தேய்த்து, ரப்பர் டியூபைப் பிளந்து சுற்றிலும் மாட்டியிருந்தது. வண்டியில் பொருத்தினால் பின்னால் சாய்ந்து நின்றது. கொத்தனார் கை தன்னையறியாமல் ரசமட்டத்தைத் தேடியது. வாழ்நாளில் சாய்ந்த எதையும் அவர் கட்டியதில்லை, கட்டினவர்களை மதித்ததும் இல்லை. கூடவே கால்களை மூட ஒரு தார்ப்பாய்ப் பாவாடை. சாக்கின் அடியில், கைப்பிடிகளில் மாட்டிக் கையை உள்ளே விட இரண்டு கூடுகள். வெளியே பஸ் சீட் ரெக்சின், நடுவில் நுரை, உள்ளே பழைய கம்பளி. காற்று அமுக்கி பிரேக்கைப் பிடித்துவிடாமல் இருக்க உள்ளே கம்பி வளையம். எல்லா ஓரமும் இரட்டைத் தையல். தன்னோடு பேச்சில்லாத மனிதர் இவ்வளவு தைத்திருந்தார்.

"கூலி எவ்வளவாம்?" என்று கேட்டார்.

"அதை அவர்கிட்டயே கேளுங்க. எனக்கு ரெண்டு வாய் கிடையாது" என்றாள் மனைவி.

அந்தக் கைக்கூட்டில் ஒரே ஒரு கோளாறு. மணிக்கட்டில் காற்று நுழையக் கூடாது என்று தையல்காரர் சட்டைக் கைக்கு வைப்பதுபோல் இறுக்கமான எலாஸ்டிக் வைத்திருந்தார். கை உள்ளே போவதற்கு இதமாகப் போனது. காற்று அவ்வளவாக இல்லாத அன்று, பழக்கப்படித் தலையை நிமிர்த்தாமலே பாலத்தைக் கடந்தார். கட்டட வாசலில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றுவதற்குள் சறுக்கி, கையை உருவப் பார்த்தபோது அது வரவில்லை. இரண்டு கையும் வண்டியிலேயே மாட்டிக்கொண்டிருக்க, கொத்தனார் வண்டியோடு சேர்ந்து, அவசரமே இல்லாமல், சிமென்ட் மூட்டை சாய்வதுபோல் இடப்பக்கம் சாய்ந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் படுத்துக்கொண்டு அவர் முதலில் நினைத்தது, சகலை வேண்டுமென்றே செய்துவிட்டான் என்பதுதான். இரண்டாவதாகத்தான் தெரிந்தது, கூட்டுக்குள் விரல்கள் அசைகின்றன என்று. பத்தும் அசைந்தன. மேஸ்திரி வந்து தூக்கிவிட்டபோது, விழுந்தவர் ஏன் சிரிக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

கூடுகள் சேற்றோடு தங்கை வீட்டுக்குத் திரும்பின. இந்த முறை அக்காளே ஒரு சண்டைக்குத் தயாராகப் போனாள். சண்டைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. தையல்காரர் சேறு எந்தப் பக்கம் பட்டிருக்கிறது என்று பார்த்தார். முக்காலியில் ஏறி உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாகக் குறுக்கே வைத்து, கூட்டுக்குள் கையை விட்டுத் தன் மனைவியைப் பக்கத்திலிருந்து தள்ளச் சொன்னார். அவளும் இத்தனை வருடக் குடும்பக் கணக்கையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். முக்காலி ஒரு பக்கம், தையல்காரர் ஒரு பக்கம். தரையில் கிடந்தபடியே எலாஸ்டிக் என்று சொன்னாராம். அன்றைக்கே அதைப் பிரித்து, வாய் அகன்ற புனல்போல் வெட்டி, மேலே தொங்கும் ஒரு மடிப்பு வைத்துத் தைத்துவிட்டார். கை தானாகப் போய்த் தானாக வந்தது.

அதற்கு மறுநாள் கடுங்குளிர். குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. வண்டியை உதைத்துக் கிளப்பவே நேரமாயிற்று. கொத்தனார் பழக்கப்படித் தாடையை மார்பில் புதைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார். காற்றுக்காகக் காத்திருந்தார்.

காற்று வந்தது. சத்தம் கேட்டது. நீலத் துண்டின் மேல் ஏறி, தலைக்கு மேலே போய்விட்டது.

அவர் நம்பவில்லை. அடுத்த அடிக்குக் காத்திருந்தார். அதுவும் வந்தது, போனது. கைகள் கூட்டுக்குள் தூங்குகிற குழந்தைபோல் வெதுவெதுப்பாக இருந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு கழுத்தை நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முகத்தை மெல்ல மேலே தூக்கினார். ஒன்றும் அறையவில்லை.

இரண்டு குளிர்காலமாக அந்தப் பாலத்தில் போய் வருகிறவர் அவர். ஆனால் குளிரில் பாலத்தின் தாரையும், முட்டி உரசிய அன்று கண்ட கறுப்புத் தண்ணீரையும் தவிர வேறு எதையும் பார்த்தது கிடையாது. பார்க்க முடிந்ததில்லை. ஏரி இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இப்போது ஏரி முழுக்க அவர் கண்ணில் வந்து இறங்கியது. கரையோரமெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் உறையாத தண்ணீர் கறுப்பாகத் திறந்திருக்க, அதிலிருந்து உலை கொதிப்பதுபோல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. கொதிக்காத, தொட்டால் கை விறைக்கிற தண்ணீரிலிருந்து ஆவி. அது தூண் தூணாக நின்றது. ஒரு தூண் நகர்ந்தது, இன்னொன்று அதற்கு வழிவிட்டது. அவற்றுக்குப் பின்னால் சூரியன் கூசாமல் பார்க்கும்படி சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. பனித்தரை மேல் பறவைகள் உட்கார்ந்திருந்தன. கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். வண்டிச் சத்தத்தில் கல்லெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. எழுந்து, சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தடவை திரும்பின. திரும்பியபோது எல்லாமே வெள்ளையாயின. அப்புறம் மறுபடி கறுப்பாகி ஆவிக்குள் போய்விட்டன.

கொத்தனார் வண்டியை நிறுத்தினார். நேரமாகிறது என்று தெரிந்தும் நிறுத்தினார். எத்தனையோ சுவர் எழுப்பியிருக்கிறார், எதன் முன்னாலும் இப்படி வாயடைத்து நின்றதில்லை. இவ்வளவும் தினமும் இங்கேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. தான் தலையைக் குனிந்துகொண்டு இதன் நடுவாலேயே போயிருக்கிறோம். யாரும் பார்க்காவிட்டாலும் அந்த ஆவித் தூண்கள் எழுந்து நின்றிருக்கின்றன. நினைக்க நினைக்க மயிர்க்கூச்செடுத்தது. குளிரால் இல்லை.

வேலையிடத்தில் நெருப்பு டிரம்மைத் தாண்டி நேராகப் போய்க் கொத்துக் கரண்டியை எடுத்தார். மேஸ்திரி திரும்பிப் பார்த்துவிட்டு முழுநாள் எழுதினார். மதியம் சாப்பாட்டு நேரத்தில், அவரைப்போல் பாலம் வழியாக வண்டியில் வருகிற பாலத்துக்காரர்கள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கூட்டுக்குள் கையை விட்டார், எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றார். எங்கே வாங்கியது என்று கேட்டார்கள்.

"வாங்கறதா? இது என் சகலை தைச்சது" என்றார் கொத்தனார். சொன்ன பிறகுதான், அதைத் தான் எவ்வளவு பெருமையாகச் சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தையல்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். கடனைப் பற்றித்தான் முதல் பேச்சு வரும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

"கை வெளிய வருதா?" என்று கேட்டார் தையல்காரர்.

வருகிறது என்றார் கொத்தனார். அப்புறம் ஏரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தூண் என்றார், ஆவி என்றார், கல் பறந்தது என்றார். எதுவும் சரியாக வரவில்லை. கையால் காற்றில் வரைந்து காட்டினார். தையல்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்கு ஜன்னல் கிடையாது. எதிர்ச் சுவர்தான் அவர் பார்க்கிற உலகம். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் உடனே போக முடியவில்லை. அடுத்த நாளே பாலத்துக்காரர் ஒருவர் தேடி வந்தார், அப்புறம் இரண்டு பேராக வந்தார்கள். தையல்காரர் வீட்டில் ரெக்சின் துண்டில் கால் வைக்காமல் நடக்க முடியாது என்று தங்கை வந்து குறைபட்டாள், சிரித்துக்கொண்டே. யார் வந்தாலும் கொத்தனார் வண்டியைக் கொண்டுபோய்க் கடைமுன் நிறுத்துவார். அதன் சாய்வைப் பார்த்துத்தான் தையல்காரர் மற்ற வண்டிகளுக்கு அளவு எடுத்தார். கடனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதனாலேயே கொத்தனாருக்கு அது பாரமாக இருந்தது. முழுக்கூலியில் மிச்சம் பிடித்துக்கொண்டே வந்தார். எட்டிப் பிடிக்க முடியவில்லை. குளிர் குறையத் தொடங்கிவிட்டது. கெடுவும் நெருங்கிவிட்டது.

ஒரு ஓய்வு நாள் காலையில் தையல்காரர் புறப்பட்டு வந்தார். பஸ் சீட் உறை ஒன்றைத் தலை நுழையும்படி வெட்டி மாட்டியிருந்தார். முதுகில் இருக்கை எண் அப்படியே இருந்தது. கொத்தனார் சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்து உள்பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்குக் கடன் பேச்சு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாலத்தின் நடுவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நீலத் துண்டின் காவல் பாதிதான் கிடைத்திருந்தது. மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிய இறங்கினார். விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, "இதுலயா தினமும் வந்தீங்க? அந்தக் கூடெல்லாம் இல்லாமயா?" என்று கேட்டார்.

அப்போது ஏரிக்குள் எங்கோ அடியில் ஒரு சத்தம் எழுந்தது. முழங்கியது என்றும் சொல்ல முடியாது, பாடியது என்றும் சொல்ல முடியாது. தொலைவில் தொடங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து, காலடியில் நடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. பனித்தரையில் ஒரு கோடு விழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையளவு பெரிய ஒரு பாளம் மற்றதிலிருந்து விலகி, நடுவே கறுப்புத் தண்ணீர் நூலாய்த் தெரிந்து, நூல் அகன்று வாய்க்காலானது. பாளம் மெல்லத் திரும்பியது. ஒரு ஊரே திரும்புவதுபோல் இருந்தது. இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேசுகிறதற்கு அங்கே மனிதனுக்கு உரிமை இல்லாததுபோல் இருந்தது.

பிறகு தையல்காரர், "பனி உடைஞ்சிடுச்சு சகலை. கணக்கை முடிச்சுக்கலாம்" என்றார்.

கொத்தனார் உள்பையிலிருந்து பணத்தை எடுத்தார். குறைகிறது என்று தெரியும். அதனால் வண்டிச் சாவியையும் கழற்றி மேலே வைத்து நீட்டினார்.

தையல்காரர் பணத்தைத் தொடவில்லை. சாவியை மட்டும் எடுத்தார். குளிரில் விறைத்த விரலால் இரண்டு தரம் தவறவிட்டு, மூன்றாம் தரம் அதை வண்டியிலேயே மாட்டினார்.

"உங்களை நான் வாசல்ல நின்னு கேட்டேனே, அன்னைக்கு எனக்கு இந்தப் பாலத்துக் குளிர் தெரியாது. இந்தக் குளிருக்கு வந்த வேலையில ஒரு வருஷத்து வருமானம் பாத்துட்டேன். எல்லாம் உங்க வண்டியை வச்சு வெட்டினதுதான். இனிமே அந்தப் பேச்சு வேணாம்."

அது வேறு, இது வேறு என்றார் கொத்தனார். வாங்கியது வாங்கியதுதான், பாதியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். தையல்காரர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் உறைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார். கொத்தனாருக்கு வேறு வழி தெரியவில்லை. பணத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஓட்டிக்கொண்டே தலையைப் பின்னால் திருப்பி, மிச்சத்தை அறுவடை மாதத்துக்குள் தந்துவிடுகிறேன் என்று கத்தினார்.

"என்ன? காத்துல ஒண்ணும் கேக்கலை" என்றார் பின்னாலிருந்தவர், அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்திலிருந்து.

சரி, தையல் கூலியையாவது வாங்கிக்கொள் என்று கத்தினார். அதுவும் கேட்கவில்லை. பாலத்தின் கடைசி விளக்குக் கம்பம்வரை கத்திப் பார்த்துவிட்டு, கொத்தனார் வாயை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஏரி உடைந்து உடைந்து பாடிக்கொண்டிருந்தது. கடன் தீர்ந்துவிட்டது. அவர் முகத்தை நிமிர்த்தி, வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.